வாப்பாவின் வேட்டியும் உன் துப்பட்டியும்

ராத்தா, இன்று காலை அந்த நெடி மறுபடியும் வந்தது.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்றுக் கிடக்கிற என் மகளுக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைகிறேன். பினாயில், பால் நனைந்த துணி, யாரோ உரித்த ஆரஞ்சுப் பழம், இத்தனை வாசனைக்கும் நடுவே அது மட்டும் தனியாக வந்து என் மூக்கில் குத்தியது. பாச்சை உருண்டை. பூச்சி அண்டக்கூடாது என்று பீரோவில் துணிகளுக்கு நடுவே போட்டு வைக்கிற அந்த வெள்ளை உருண்டை. கையிலிருந்த தூக்குச்சட்டியை எங்கே வைத்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

என் சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், என் பேரனுக்குப் பச்சை வெல்வெட் சட்டையும் தொப்பியும் மாட்டி, மடியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகன் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டையாம். இத்தனை வருஷமும் பீரோவில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததாம். சட்டையை உரித்தேன். தொப்பியைக் கழற்றி எறிந்தேன். பிள்ளையைப் பிறந்த மேனிக்கு என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

"என்னம்மா சம்பந்திக்கு, ஜின்னு கின்னு புடிச்சிருச்சா?" என்று அவர் என் மகளிடம் கேட்டது காதில் விழுந்தது.

வேறு நாளாக இருந்தால், "ஜின்னு என்னைப் பாத்தா பயந்து ஓடிரும், நீங்க ஒண்ணு" என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். என் வாய் உனக்குத் தெரியாததா? இன்றைக்கு டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் கத்தினேன்.

டாக்டர் வந்து பார்த்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முடிவு சாயங்காலம் தெரியுமாம். அதுவரை கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறதா, மூத்திரத்தின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு வராந்தாச் சுவரே மஞ்சளாகத் தெரிகிறது. சும்மா உட்கார்ந்தால் பயம் தின்றுவிடும் என்று பேரப்பிள்ளையின் மருந்துச் சீட்டு வாங்க வந்த பையனிடமிருந்து பேனா வாங்கி உனக்கு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். நீ இருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது, அந்த ஒரு தைரியம்தான்.

துணி விஷயத்தில் அக்கா தங்கை நம் இருவருக்கும் சிறுசிலிருந்தே ஏழாம் பொருத்தம். உன் மாப்பிள்ளை, என் மச்சான், பினாங்கில் கடையில் இருந்தார். வருகிறபோதெல்லாம் தகரப் பெட்டி நிறையத் துணி வரும். அந்தப் பெட்டியைத் திறந்தால் தெருவுக்கே தெரியும், அப்படி ஒரு வாசனை. கப்பல் வாசனை என்போம். என் நிக்காஹுக்கு நீ ஒரு ரோஜா நிற நைலக்ஸ் புடவை கொடுத்தாய். கழுவாமல் கட்டு, கழுவினால் வாசனை போய்விடும், பிறகு கும்பகோணத்தில் எடுத்தது என்பார்கள் என்றாய். கட்டினேன். விருந்து முடிவதற்குள் கழுத்திலும் இடுப்பிலும் தடித்துச் சிவந்துபோய், விருந்தாளிகள் முன்னாலேயே முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

"புதுப்பொண்ணு ஏன்டி ஆடுது?" என்று யாரோ கேட்டதற்கு, "எங்க ராத்தா குடுத்த சீலைக்கு உயிர் இருக்கு, அது கடிக்குது" என்றேன். நீ என்னைத் தலையில் குட்டினாய். அப்போது அது சிரிப்பு. துணி கடிக்கும் என்று அன்றைக்கே அது சொல்லியிருக்கிறது, நாம்தான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நான் உண்டானேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊரில் என் வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை. கோட்டையில் ஆட்சி மாறி, தெருவுக்குத் தெரு புதுக்கொடி ஏறியிருந்த காலம். மேலே கொடி மாறினாலும் கீழே வயலில் கூலி மாறவில்லை. அறுவடைக்கு நெல் கூடக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆளை லாரியில் இறக்கினார். இவர்கள் ரோட்டில் பனைமரத்தை வெட்டிப் போட்டார்கள். வாய்க்கால் மதகுக்கு மதகு போலீஸ். பஸ் நின்றுபோனது. தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு வர முடியவில்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்ட பிறகு நீதானே எனக்குத் தாய்வீடு. வீடு வர முடியாவிட்டால் என்ன என்று நீயே நடந்து வந்தாய். வரப்பு வரப்பாக, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தலையில் ஒரு மூட்டையோடு. தூரத்திலிருந்து பார்த்த என் கடைக்காரர், "உன் ராத்தா வரலடி, கொக்கு வருது" என்றார்.

மூட்டைக்குள் வாப்பாவின் வேட்டி.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நாற்பது நாளைக்குப் பழந்துணிதான் என்பது நம் வழக்கம். அதுவும் நீண்ட ஆயுசு வாழ்ந்தவர் உடுத்திய துணியாக இருந்தால் பிள்ளைக்கு அந்த ஆயுசு ஒட்டும், அதுதான் பரக்கத்து. வாப்பா கொள்ளுப்பேரன் முகம் பார்க்கிற வயது வரை இருந்தவர். அவர் போன பிறகு அவருடைய மல் வேட்டிகளை நீதான் எடுத்து வைத்தாய், உன் பினாங்குப் பெட்டியில், பாச்சை உருண்டைக்கு நடுவே. வருஷக்கணக்காக அந்த நெடியிலேயே ஊறிக் கிடந்த துணி.

"கழுவிரலாமா ராத்தா, மூக்கை அரிக்குது" என்றேன்.

"கழுவுனா வாப்பாவோட பரக்கத்து தண்ணியோட போயிரும். சும்மா கெட" என்றாய்.

மகன் பிறந்தான். நீ அந்த வேட்டியைக் கிழித்து, பிஸ்மி சொல்லி, அவனைச் சுற்றிக் கையில் கொடுத்தாய். பூவைப் பொட்டலம் கட்டின மாதிரி இருந்தான். எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. "வாப்பா மாதிரியே வழுக்கையா பொறந்திருக்கான், பரக்கத்து வேல செய்யுது" என்றேன். நீ சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் வெகுநாள் பார்த்திருக்கவில்லை. உன்னுடைய இரண்டு ஆண்பிள்ளைகளையும் பிறந்த வாரத்திலேயே மண்ணில் வைத்தவள் நீ. நடுவில் பிறந்த பெண் ஒன்றுதான் உனக்குத் தங்கியது. உன் வீட்டில் ஆண்பிள்ளை நிற்காது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. என் மகனை நீ தூக்கிய விதத்திலேயே அது அத்தனையும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை வெயிலில் காட்டலாம் என்று நீ அவனை வாசலுக்குக் கொண்டுபோனாய். போனவள் அப்படியே நின்றாய். நான் உள்ளேயிருந்து, "என்ன ராத்தா, அதுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டானா?" என்று கேட்டேன். திரும்பி வந்து அவன் அரையிலிருந்த துணியை எடுத்து என் முன்னால் விரித்தாய். டீ டிக்காஷனைக் கொட்டியது போல ஈரம். அவன் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தாய். விரல் பட்ட இடம் மஞ்சள் கிழங்கு.

"இது எனக்குத் தெரியும்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மருத்துவச்சி கீழாநெல்லி அரைக்கலாம் என்றாள். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கலாம் என்று கடைக்காரர் கிளம்பினார். நீ இரண்டு பேரையும் விடவில்லை. "ஓதுனது போதும் தம்பி. ரெண்டு தடவ ஓதிட்டேன். வண்டியக் கட்டுங்க, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாய். அதுவரை ஆம்பிளைக்கு முன்னால் நீ குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

மாட்டுவண்டியில் போனோம். வாடைக்காற்று. பிள்ளை அழவில்லை. அழாததுதான் பயம். பால் குடிக்க வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கி விட்டால் ஈரத்துணி மாதிரி விழுந்தது. நீ அவனை மடியில் வைத்துக்கொண்டு, காற்று படக்கூடாது என்று வாப்பாவின் வேட்டியை இன்னொரு சுற்று சுற்றினாய். பாலம் தாண்டியதும் இன்னொரு சுற்று. அவன் ஒரு தரம் உடம்பைத் தூக்கிப் போட்டான், மேலும் இறுக்கிச் சுற்றினாய். உனக்குப் பயம் ஏற ஏறச் சுற்று ஏறியது. இன்றைக்கும் எனக்குக் கனவில் வருவது அந்த வண்டிதான் ராத்தா. கனவில் நான் எழுந்து, வேணாம் வேணாம் என்று கத்துவேன். சத்தம் வராது. உன் கை சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரோட்டில் பனைமரம் கிடந்தது. சிவப்புக் கொடியோடு ஆட்கள் எழுந்து வந்தார்கள். கடைக்காரரை அடையாளம் தெரிந்ததும் அரிவாளை இறக்கினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நம் கடைக்குத் தினம் வருகிறவள், என்னோடு வாயாடுகிறவள்.

"ஏம்மா பாய் ஊட்டம்மா, புள்ளயப் பெத்தியா, பொட்டிக்குள்ளேர்ந்து எடுத்தாந்தியா? இந்த நெடி அடிக்குது" என்றாள்.

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. "தூக்குங்கடா மரத்த" என்றாள். ஆறேழு பேர் சேர்ந்து மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள்.

அந்தப் பக்கம் போலீஸ். கொண்டுவந்த துணி மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு போலீஸ்காரர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன மருந்து இது? வெடி கிடி கொண்டு போறீங்களா?"

"துணிங்க ஐயா. எங்க வாப்பாவோட துணி" என்றாய் நீ.

நெல் ஏற்ற வந்து மறியலில் மாட்டி, வெறும் வண்டியாகத் தஞ்சாவூர் திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்றில் அந்தப் போலீஸ்காரரே நம்மை ஏற்றிவிட்டார். யார் நெல்லுக்கு யார் மறித்தார்களோ, இரண்டு பக்கமும் சேர்ந்து என் மகனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் அந்த நெடியை மோந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. என்னைவிட ரெண்டு வயது கூட இருந்தால் அதிகம். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் துணியைத் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பாச்சை உருண்டை போட்டு வச்சிருந்ததா?"

"ஆமாங்க."

"துவைச்சீங்களா? வெயில்ல போட்டீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் கத்தவில்லை. துணி முழுவதையும் உருவி ஒரு மூலையில் போட்டுவிட்டு, கை வேலையை விடாமலே சொன்னார். "சில பிள்ளைங்களுக்குப் பிறக்கும்போதே ரத்தத்துல ஒரு குறை இருக்கும்மா. வெளியில தெரியாது. இந்த உருண்டையோட நெடி துணி வழியாத் தோல்ல எறங்கும், மூச்சிலயும் போவும். அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு ரத்தம் உடைஞ்சிரும். அதான் மஞ்சள், அதான் கறுத்த மூத்திரம். அம்மா வழியா வரும். பெரும்பாலும் ஆம்பளப் பிள்ளைங்களத்தான் புடிக்கும்."

"பொண்ணுக்கு?" என்று நீ கேட்டாய்.

"பொண்ணுங்க அநேகமாத் தப்பிச்சுருவாங்க."

பிள்ளைக்கு ரத்தம் மாற்றுவதற்காகக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் போனார்கள். நர்சுகள் ஓடினார்கள். எல்லாம் ஓய்ந்து டாக்டரம்மா வெளியே வந்தபோது நீ அவர் முன்னால் போய் நின்றாய்.

"அம்மா, எனக்கும் ரெண்டு ஆம்பளப் புள்ள இப்படித்தான். மஞ்சளாகி. அதுங்களுக்கும் இந்தப் பெட்டித் துணிதான். இதுதானாம்மா?"

அவர் உன்னைப் பார்த்தார். அக்கா தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே தாய் வயிறு என்று நம் மூக்கே சொல்லும்.

"தெரியாதும்மா. பாக்காத பிள்ளைக்கு என்னால சொல்ல முடியாது" என்றார்.

நல்ல மனுஷி. அதைச் சொல்லும்போது அவர் கண் உன் கண்ணைப் பார்க்கவில்லை. உனக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாளில் நூறு தடவை உன்னைக் கேலி பேசிய நான், அன்றைக்கு உன் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டேன்.

பிள்ளையைச் சுற்ற வேறு துணி இல்லையா என்று நர்சு கேட்டார். நீ உன் துப்பட்டியை உருவினாய். தெருவில் நாலு அடி வைக்கவும் அது இல்லாமல் இறங்காதவள், அத்தனை ஆம்பிளைகள் நடமாடுகிற வராந்தாவில் வெறும் புடவையோடு நின்றாய். மூக்கில் வைத்து மோந்து பார்த்த பிறகுதான் கொடுத்தாய். "தெனம் தொவச்சு வெயில்ல போட்டதும்மா" என்றாய். நீ துணி மோந்து பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகன் பிழைத்தான். காது மட்டும் பாதி மந்தம். மஞ்சள் தலைக்கு ஏறினால் அப்படி ஆகுமாம். "கடைக்கு வாடா" என்றால் கேட்காது, "பிரியாணி" என்றால் பக்கத்துத் தெருவிலிருந்தாலும் கேட்கும், என்ன காதோ அது என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். எழுந்து உள்ளே போய்விடுவாய்.

வீட்டுக்குப் போனதும் நீ அந்தப் பெட்டியைக் கவிழ்த்தாய். வாப்பாவின் மிச்ச வேட்டிகளை அண்டாவில் போட்டு அவித்தாய், அலசினாய், வெயிலில் போட்டாய், மறுபடி அவித்தாய். நெடி போயும் நீ நிறுத்தவில்லை. கை தோல் உரிந்து வந்த பிறகு உன் மகள்தான் அண்டாவைப் பிடுங்கி வைத்தாள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ போய் நின்றாய். பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டாய். முதலில் துணி. சுல்தான் வீடானாலும் சேரியானாலும் துணியை வாங்கி மோந்துவிட்டுத்தான் மற்றது. புதுச் சட்டை கொண்டுவந்தால் அதையும் விட மாட்டாய், கஞ்சி போக, சாயம் போக, கடை வாசனை போக அலசிக் காயவைத்துப் போடு என்பாய். "மோப்ப ராத்தா வந்துட்டாங்க" என்று பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெயரை வைத்ததே நான்தான் என்று உனக்குத் தெரியும். நீ கோபப்படவில்லை.

"சோத்துல கல்லு கெடந்தா பல்லு சொல்லும். துணியில கெடக்குறத யாருடி சொல்லுவா?" என்பாய்.

உன் இரண்டு பிள்ளைகளைப் பற்றி நீ அப்புறம் பேசவே இல்லை. ஒரே ஒரு தடவை, நான் உன் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எங்கோ பார்த்துக்கொண்டு, "இறுக்கமாத்தான்டி சுத்துனேன், குளிரக் கூடாதுன்னு" என்றாய். நான் கேட்காதது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் நீ மௌத்தான அன்று உன்னைக் குளிப்பாட்டினோம். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்திருந்தது. மண்ணில் வைக்குமுன் சுற்றுகிற கஃபன் துணியை விரித்தார்கள். நான் குனிந்து மோந்து பார்த்தேன். கற்பூரமும் பாச்சை உருண்டையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் மூக்கில் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. "சுத்தாதீங்க, கழுவல, சுத்தாதீங்க" என்று நான் கத்தினேனாம். நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்களாம். எனக்கு நினைவில்லை. துணி இனி உன்னை ஒன்றும் செய்யாது என்பது மட்டும் எப்போதோ புரிந்து, அப்போதுதான் அழுதேன்.

இங்கே நிறுத்தி வைத்திருந்தேன் ராத்தா. டாக்டர் கூப்பிட்டார்.

இருக்கிறதாம். என் பேரனுக்கும் அந்தக் குறை இருக்கிறதாம். உம்மாவிடமிருந்து உனக்கும் எனக்கும், என்னிடமிருந்து மகளுக்கும் சத்தம் போடாமல் நடந்து வந்து அவனிடம் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம்தான் அந்தச் சட்டையில் இருந்தான், இதுவரை ரத்தம் உடைந்த அறிகுறி இல்லை, இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்ப்போம் என்றார். ஆயுசு முழுக்க அந்த உருண்டை அண்டக்கூடாது, சில மாத்திரைகளும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தார். ஆயுசு முழுக்க என்றால் எத்தனை பெட்டி, எத்தனை பீரோ, எத்தனை பேர் வீட்டுப் பாசம். நான் எத்தனை வாசலில் போய் நிற்க முடியும்?

உள்ளே வந்து பார்க்கிறேன். சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அழுது மூக்கு அடைத்துப்போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, நீங்க பாருங்க" என்று நீட்டினார். உன் முகம் ஒரு நொடி அவர் முகத்தில் வந்து போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மூக்கச் சிந்திட்டு மோந்து பாருங்க சம்பந்தி, அடைச்ச மூக்கால பிரியாணிகூட மணக்காது" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்.

உன் துப்பட்டியை நான் கொண்டுவந்திருந்தேன். என் மகனைச் சுற்றிய அதே துப்பட்டி. அந்த வருஷமே உன் மகள் எனக்குக் கொடுத்தது. இத்தனை வருஷமும் அதைப் பெட்டியில் வைக்கவில்லை, எதையும் போட்டு வைக்கவில்லை. மாதம் ஒருதரம் வாய்க்கால் தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டு, கொடியிலேயே வைத்திருந்தேன். நைந்து, வெளிச்சம் தெரிகிறது. நீயும் ஆயுசோடு வாழ்ந்தவள்தானே. பிள்ளையை அதில் கிடத்தி, இறுக்காமல், கை கால் ஆட இடம் விட்டுச் சுற்றினேன்.

சுற்றுவதற்கு முன் மோந்து பார்த்தேன் ராத்தா. ஒன்றுமே மணக்கவில்லை.